தொட்டால் எரியும் செடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஹோவிக் பக்கம் 12 மாடுகள் வைத்திருக்கிறேன். கிக்கூயு புல் மேய்ச்சலில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் கேட் ஓரத்திலும், தொட்டால் நெருப்பாக எரியும் செடி திட்டுத்திட்டாக முளைத்திருக்கிறது. எங்கள் ஆயா இதைக் காஞ்சொறி என்பார். கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தேன், பட்டுப்போனது. அடுத்த மழைக்கே முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: ஆயா சொன்ன காஞ்சொறி தமிழ்நாட்டுப் பக்கத்துக் கொடி, செந்தட்டி என்றும் சொல்வார்கள். அதில் இலைகள் மாறிமாறி வரும், காய் மூன்று பிளவாக இருக்கும். உங்களுடையது அநேகமாக ஐரோப்பாவிலிருந்து வந்த நெட்டில், ஆப்பிரிக்கான்ஸில் பிரான்ட்நேட்டல், ஜூலுக்காரர்கள் இம்பாத்தி என்பது. கையுறை போட்டு ஒரு செடியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். தண்டு நாலு பட்டையாக இருக்கும், இலைகள் எதிரெதிரே ஜோடியாக, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும், தண்டெல்லாம் கண்ணாடி ஊசி மாதிரி முடிகள் மின்னும். அந்த முடியின் நுனி உண்மையிலேயே கண்ணாடி போலத்தான், சிலிக்காவால் ஆனது. பட்டதும் உடைந்து, ஹிஸ்டமின் முதலானவற்றைத் தோலுக்குள் இறக்கிவிடும், அதனால்தான் அந்த எரிச்சல்.

அப்புறம் வேரைப் பாருங்கள், எந்த வைத்தியம் என்பதை வேர்தான் சொல்லும். ஒற்றை ஆணிவேரோடு சுலபமாக வந்துவிட்டால் ஒருவருடச் செடி. பூக்கும் முன்னால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது பிடுங்கினாலோ கொத்தினாலோ போதும், ஆனால் விதை மண்ணில் பல வருடம் கிடக்கும் என்பதால் ஒரே வருடத்தில் முடிந்துவிடாது. மஞ்சள் வேர் மண்ணுக்கடியில் கயிறாக ஓடினால் அது பலவருடச் செடி. அதில் சாதாரணக் கலப்பையோ வட்டுக் கலப்பையோ விடவே விடாதீர்கள், துண்டான ஒவ்வொரு வேரும் தனிச்செடியாக எழும். திரும்பத் திரும்ப வெட்டி, வேரில் இருக்கும் சத்தை வற்றவைக்க வேண்டும்.

நீங்கள் அடித்த மருந்து ஏன் பலிக்கவில்லை? கிளைபோசேட் செடியோடு சேர்த்துப் புல்லையும் கொன்றுவிட்டது. வெற்றுத் தரை, மேலே சாணம், அடியில் விதை. இதைவிட அதற்கு வேறென்ன வேண்டும்? இந்தச் செடி நைட்ரஜனும் பாஸ்பரஸும் குவிந்த இடத்தைத் தேடி வளர்வது. மாடுகள் ஒரே இடத்தில் நின்று, சாணம் போட்டு, புல்லை மிதித்துச் சேறாக்கும் இடம் எதுவோ அதுதான் அதன் வீடு. எங்கள் நிலத்தில் தொட்டியின் மிதவை வால்வு கெட்டு மாதக்கணக்கில் தண்ணீர் வழிந்தது. ஈரம் எதுவரை போனதோ அதுவரை வட்டமாக நெட்டில் நின்றது, அதற்கு அப்பால் ஒரு செடி இல்லை. வால்வை மாற்றி, தொட்டியைச் சுற்றிக் கல் பரப்பி, சாணத்தை வாரி மற்ற வயலுக்குக் கொண்டுபோய், அந்தத் திட்டைக் கொஞ்ச காலம் வேலி போட்டு மூடிப் புல்லை ஏறவிட்ட பிறகுதான் அடங்கியது. நீங்களும் முதலில் தொட்டியைப் பாருங்கள், ஐயா.

மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் அகன்ற இலைச் செடியை மட்டும் கொல்லும் டிரைகுளோபிர், ஃபுளுராக்ஸிபிர் வகையைக் கேளுங்கள், புல் தப்பிக்கும், ஆனால் குளோவர் என்ற தீவனச்செடி இருந்தால் அதுவும் போய்விடும். லேபிளில் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் வேளாண் மருந்துச் சட்டப்படியான, எல் (L) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடித்தபின் எத்தனை நாள் மாடு விடக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கும். அதை ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள், வழக்கமாகத் தொடாத செடியை வாடியபின் மாடு ஆசையாகத் தின்னும்.

வெட்டிப்போட்ட செடி காய்ந்தால் அதன் முடி எரிச்சல் தராது, புரதமுள்ள தீவனம்தான். ஆனால் சாணக்குவியலில் வளர்ந்ததில் மாட்டுக்கு விஷமாகும் நைட்ரேட் ஏறியிருக்கலாம், பசியோடு வரும் மாட்டுக்கு அதை மட்டும் போடக்கூடாது. குதிரை இருந்தால் அந்தத் திட்டுப் பக்கமே விடாதீர்கள். அதில் புரண்ட குதிரை தடித்துப்போய், கால் தள்ளாடி நிற்பதுண்டு.

கேள்வி: பக்கத்து வீட்டு ஜூலு அம்மா இதைக் கீரையாகச் சமைக்கிறார். நாமும் சாப்பிடலாமா? (வெருலம் வாசகி)

பதில்: தாராளமாக. அவர்கள் இமிஃபினோ என்று சமைக்கும் காட்டுக்கீரைகளில் இதுவும் ஒன்று. பூக்கும் முன்னால் இளங்கொழுந்தை மட்டும் கையுறையோடு கிள்ளி, கொதிக்கும் தண்ணீரில் போட்டால் எரிச்சல் போய்விடும். பிறகு நம் வழக்கப்படி வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்துக் கடைந்தால் சரி. மருந்தடித்த இடத்திலோ பட்டி ஓரத்திலோ பறிக்க வேண்டாம்.

கேள்வி: போங்கோலா பக்கம் வேலியில் படர்ந்த அவரைக்கொடியைத் தொடவேயில்லை, காற்றடித்ததற்கே உடம்பெல்லாம் அரிக்கிறது. அது என்ன?

பதில்: எருமை அவரை என்று இங்கே சொல்வது. நம் பூனைக்காலியின் உறவு, காயின் மேல் இருக்கும் தங்க நிறச் சுணைதான் பறந்து வருகிறது. தேய்க்காதீர்கள், தேய்த்தால் சுணை உள்ளே போகும். ஈரச்சேறு பூசிக் காயவிட்டு உரித்தால் சுணை சேர்ந்து வரும், ஒட்டும் டேப்பும் உதவும். கண்ணில் பட்டாலோ மூச்சு இழுத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கொடியைக் காய் பிடிக்கும் முன், பூவாக இருக்கும்போதே வெட்டுங்கள். காய் காய்ந்துவிட்ட காற்று நாளில் பக்கத்தில்கூட ஆளை அனுப்ப வேண்டாம்.