நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டால் எல்லாத் தரப்பு மக்களும் அருங்காட்சியகத்துக்கு வந்துவிடுவார்களா?

இலவசம் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. உள்ளே யார் பேசுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பெர்லினில் 2015 கடைசியில் 'முல்தக்கா' என்ற திட்டம் தொடங்கியது. சிரியா, ஈராக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கினார்கள். பெர்கமோன் உட்படச் சில அருங்காட்சியகங்களை அவர்கள் அரபியிலேயே, கட்டணமில்லாமல் சுற்றிக் காட்டினார்கள்.

பெர்கமோன் அருங்காட்சியகத்தின் 'அலெப்போ அறை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1600-ஐ ஒட்டி சிரியாவின் அலெப்போ நகரத்தில் ஒரு கிறிஸ்தவ வியாபாரியின் வீட்டுக்காகச் செய்த, வண்ணம் தீட்டிய மரச்சுவர்கள் அவை. குழந்தை இயேசுவோடு மரியாள் ஒரு பக்கம். சுற்றிலும் இஸ்லாமியப் பாணிப் பூவேலை, அரபி எழுத்து. மற்றவர்களுக்கு அழகான பழம்பொருள். அலெப்போவை விட்டு ஓடிவந்தவருக்கோ சொந்த ஊர். விளக்கம் சொல்பவரும் அந்தப் பக்கத்துக்காரராக இருந்தால் கேள்வி கேட்கும் கூச்சம் போய்விடும். (இதெல்லாம் பெர்லினுக்கு எப்படி வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். வரட்டுமே!)

பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலும் இதே பெயரில் ஒரு திட்டம் வந்தது.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், பெரிய எழுத்துப் பலகை எல்லாம் கட்டாயம் வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஆனால் வழிகாட்டிகளைச் சேர்க்கும்போது 'தன்னார்வம்' என்று சொல்லித் தப்பிக்காமல் சம்பளமும் கொடுக்க வேண்டும்.