நத்தை புழு விடும் நேரம் பார்த்து ஆடு மேய்க்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். செம்மறி ஆடுகளும் நான்கு மாடுகளும் வைத்திருக்கிறேன். வறண்டு கிடந்த குட்டை மழையில் நிரம்பியது. ஓரத்தில் நல்ல புல் வந்ததால் அங்கேயே மேயவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஆடுகள் மெலிந்துவிட்டன, இரண்டுக்குக் கீழ்த்தாடை வீங்கிவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு ஐவர்மெக்டின் ஊசி போட்டேன், தேறவில்லை. நத்தையிலிருந்துதான் புழு வருகிறது, அதுவும் வெயில் ஏறினால்தான் வெளியே வரும் என்கிறார்கள். விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் மேய்த்தால் போதுமா? குட்டையில் மயில்துத்தம் போடலாமா?

பதில்: வெயில் ஏறினால் புழு வரும் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ரத்தக் குழாயில் வாழும் தட்டைப்புழுக்களில் பல இனங்களுக்கு அது பொருந்தும். நத்தையை விட்டு வெளியே வரும் அவற்றின் குஞ்சுகள் எதையும் தின்பதில்லை. உடம்பில் உள்ள சேமிப்பை வைத்தே நீந்துகின்றன, ஒன்றிரண்டு நாள்தான் ஆயுள். தண்ணீர் சூடானால் அதுவும் குறையும். அதற்குள் ஏதாவது ஓர் உடம்பின் தோலைத் துளைத்தாக வேண்டும் என்பதால், தங்களுக்கு வேண்டிய விலங்கு தண்ணீருக்கு வரும் நேரத்தை ஒட்டியே வெளிவருகின்றன. எலியைத் தேடும் இனம் இருட்டிய பிறகுதான் வரும்.

உங்கள் ஆட்டுக்கு வந்திருப்பது ஈரல் தட்டைப்புழு என்றால் இந்த நேரக் கணக்கு உதவாது. இதன் குஞ்சு தோலைத் துளைப்பதில்லை. கொஞ்ச நேரம் நீந்திவிட்டு, நீர்மட்டத்தை ஒட்டிய புல் தண்டில் ஒட்டிக்கொண்டு, வாலை உதிர்த்துவிட்டு மேலே ஓடு கட்டிக்கொள்ளும். தண்டின் அடியைப் பிடித்து உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவில் வெளிறிய புள்ளியாகத் தெரியும். ஈரம் இருந்தால் வாரக்கணக்கில், குளிர்ந்த இடமாக இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். காலையில் ஒட்டியதை ஆடு மாலையில் தின்றாலும் ஒன்றுதான், அடுத்த மாதம் தின்றாலும் ஒன்றுதான். அதைக் கொல்வது ஈரமற்ற வறட்சியும் கடும் வெயிலும்.

உங்கள் குட்டையில் நடந்தது என்னவாக இருக்கும்? குட்டை வற்றும்போது சில நத்தை இனங்கள் சேற்றுக்குள் இறங்கி உறங்கிவிடும். உள்ளே இருக்கும் புழுவும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். புதுத் தண்ணீர் வந்ததும் நத்தை எழுந்து பாசி மேயும், புழுவும் வளரத் தொடங்கும். புதுநீரும் தட்பவெப்ப மாற்றமும் ஈரல் தட்டைப்புழுக் குஞ்சுகளை வெளியே தூண்டிவிடும். வெப்பம் கூடக்கூட ஓரளவு வரை நத்தைக்குள் வளர்ச்சி வேகமாகும். 10 டிகிரிக்குக் கீழே போனால் நின்றுவிடும். நத்தைக்குத் தீனி குறைந்தால் வெளிவரும் குஞ்சுகளும் குறையும். ஆக, மழைக்குப் பிறகு கரையோரம் பச்சையாகத் தெரிந்த அந்தப் புல்தான் இருப்பதிலேயே ஆபத்தான புல்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். நத்தைக்குப் புழு எங்கிருந்து வந்தது? உங்கள் மாட்டுச் சாணத்திலிருந்தும் ஆட்டுப் புழுக்கையிலிருந்தும்தான். தண்ணீரில் விழும் முட்டை பொரிந்து, அந்தக் குஞ்சு ஒரு நாளுக்குள் நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒன்றே ஒன்று நுழைந்தாலும் நத்தைக்குள் பெருகி நூற்றுக்கணக்கில் வெளியே வரும். இந்தச் சங்கிலியை முதலில் அறுக்க வேண்டிய இடம் குட்டைக் கரை.

என்னிடம் எந்தக் கேள்வி வந்தாலும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியே பேசுகிறேன் என்பார்கள். இங்கேயும் அதையேதான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதைவிட நல்ல மருந்து இல்லை. குட்டைக் கரையை வேலியிட்டு மறியுங்கள். தண்ணீரை மேட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் காட்டுங்கள். தொட்டியைச் சுற்றிக் கல்லோ சரளையோ போட்டு, குளம்பு பட்டுச் சேறாகாமல் பாருங்கள். நிரம்பி வழிவதும் குழாய் ஒழுகுவதும் கூடவே கூடாது. ஒழுகும் இடத்தில் உள்ளங்கை அளவு பள்ளம் இருந்தாலே சிறு நத்தைகளுக்குப் போதும். அப்புறம் தொட்டியின் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடி போன்ற வழவழப்பான கூழ்ப்பட்டை தட்டுப்பட்டால் அது நத்தை முட்டை. சுரண்டி எடுத்து வெயிலில் காயப் போடுங்கள். வேலிக்கும் தொட்டிக்கும் ஒருமுறை செலவு செய்ய யோசிப்பவர்கள், பலன் இல்லாத ஊசிக்கு வருடா வருடம் செலவு செய்கிறார்கள். எனக்கு இது தாங்கவே முடியாத வருத்தம்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். ஐவர்மெக்டின் தட்டைப்புழுவைத் தொடாது. லெவாமிசோலும் அப்படித்தான். “எல்லாப் புழுவுக்கும் இது ஒன்றே போதும்” என்று விற்பவரிடம் மருந்து வாங்காதீர்கள். அவருக்குப் புழுவும் தெரியாது, உங்கள் ஆட்டின் மேல் அக்கறையும் கிடையாது. ஆக்சிகுளோசனைடு வளர்ந்த தட்டைப்புழுவைத்தான் கொல்லும். ஆல்பென்டசோலும் அப்படித்தான், அதை இளம் சினை ஆட்டுக்குக் கொடுக்கவும் கூடாது. ஈரலைக் குடைந்துகொண்டிருக்கும் இளம் புழுவுக்கு ட்ரைகிளாபென்டசோல் வேண்டும். அளவை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

அதற்கும் முன்னால் சாணப் பரிசோதனை. தாடை வீக்கம் ரத்தம் உறிஞ்சும் உருளைப்புழுவாலும் வரும், கண் இமையின் உள்பக்கம் இரண்டிலும் வெளுத்துத்தான் இருக்கும். தட்டைப்புழு முட்டை கனமானது. மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையில் தவறிவிடும், அடியில் படியவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தின்று இரண்டு மாதத்துக்குள் பார்த்தால் முட்டையே இருக்காது, ஆனால் அதிகமாகத் தின்ற ஆடு அந்தக் காலத்திலேயே திடீரென்று செத்தும் போகும்.

மயில்துத்தம் வேண்டாம், அது தாமிர உப்பு. செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் விஷம், மீனும் சாகும். சேறும் பாசியும் மருந்தை இழுத்துக்கொள்ளும், சேற்றுக்குள் பதுங்கிய நத்தை தப்பித்து மறுபடி பெருகும்.

கரைப் புல்லை வீணாக்க மனமில்லை என்றால், தண்ணீருக்கு மேலே நன்றாக உயர்த்தி அறுத்து, முறுக்கினால் ஒடியும் அளவுக்கு வெயிலில் காயவைத்துப் போடுங்கள். ஈரம் தங்கிய புல்லைக் கட்டி அப்படியே அடுக்கினால் உள்ளே புழு உயிரோடு இருக்கும். அறுக்க இறங்கும்போது முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள். மாட்டின் ரத்தத் தட்டைப்புழுக் குஞ்சுகள் ஆளைப் பார்ப்பதில்லை. உங்களுக்குள் வளராவிட்டாலும் தோலில் நுழைந்து தடிப்பும் அரிப்பும் கொடுக்கும்.