பல ஆண்டுகள் மழையில் நின்ற பழைய டிராக்டரில் கியர் அசையவே இல்லை. விடுவிக்க முடியுமா, பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதா?

விடுவிக்க முடியும். ஆனால் இன்னொரு டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதை இன்றே கைவிடுங்கள். எங்கள் வீட்டு மாஸி ஃபெர்குசன் 1035-ஐ அப்படித்தான் இழுத்தோம். பின்சக்கரங்கள் உருளாமல் களத்து மண்ணைக் கீறிக்கொண்டே வந்தன. பத்தடி போவதற்குள் உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். பிறகு திறந்து பார்த்தால் முதல் கியரில் ஒரு பல்லின் மூலை தெறித்துக் கிடந்தது. ஏழு மழைக்காலம் தாங்கிய பல்லை எங்கள் அவசரம் ஒரே நொடியில் உடைத்துவிட்டது.

வயலைக் குத்தகைக்கு விட்ட பிறகு அந்த வண்டி புளியமரத்தடியிலேயே ஏழு ஆண்டுகள் நின்றது. கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறை வெயிலில் வெடித்து, மழைநீர் கம்பி வழியாகவே உள்ளே இறங்கியிருக்கிறது. உங்கள் வண்டியிலும் முதலில் அந்த உறையைப் பாருங்கள்.

எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின்பக்கம் இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் கை நீட்டக் கூடாது. இப்போது ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மற்ற சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றால் பிரேக்கும், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் நலமாக இருக்கின்றன, சிக்கல் அதற்கு முன்னால். ஒரு சக்கரம் கொஞ்சமும் அசையாவிட்டால் அந்தப் பக்கத்து பிரேக் துருவேறிப் பிடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். கிளட்ச் தட்டு, எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டாலும் கியர் விழாது. அதைக் கியர் பெட்டியின் கோளாறு என்று நினைத்து வண்டியையே இரண்டாகப் பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வண்டியில் வலது பிரேக்கும் பிடித்திருந்தது, கியர் பெட்டியும் பிடித்திருந்தது. பிரேக் டிரம்மைக் கழற்றித் துடைத்ததோடு அந்த வேலை முடிந்தது. கியர் பெட்டியின் அடித்திருகைத் தளர்த்தியபோது எண்ணெய் வரவில்லை, தண்ணீர் வந்தது. ஏறக்குறைய ஒரு வாளி. அதன் பின் மோர் நிறத்தில் கெட்டியாக ஒன்று, கடைசியில்தான் எண்ணெய். மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், காற்று, எண்ணெய், தண்ணீர் என்று மூன்று அடுக்கும் இரும்பிலேயே கோடு போட்டதுபோல் பதிந்திருந்தன. காற்றில் நின்ற மேல்பற்கள் செம்மண் பூசியதுபோல் இருந்தன. அடியில் தண்ணீரில் ஊறிய பகுதியும் அப்படியே. நடுவில் எண்ணெய் காத்த நான்கு விரல் அகலம் மட்டும் நேற்றுக் கடைந்தெடுத்ததுபோல் பளபளத்தது. அதைப் பார்த்த பிறகுதான் இந்த வண்டியைக் காப்பாற்றிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

மூடியைத் திறந்ததும் துருவைப் பார்த்து மலைத்துவிடாமல், கியர் கம்பியின் நுனி விழும் பள்ளங்கள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த மாடலில் கம்பி நழுவி ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து பூட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். அப்படியானால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பள்ளங்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தால் போதும், வேலை அரைமணியில் முடிந்துவிடும்.

துருதான் என்று உறுதியானால் பொறுமை வேண்டும். டீசலும், பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு ஏடிஎஃப் எண்ணெயும் சம அளவு கலந்துகொண்டேன். சும்மா ஊற்றினால் வழிந்து கீழே போய்விடும். ஆகவே பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கலவையில் நனைத்து, கியர்கள் மேலும் கியர்களை நகர்த்தும் ஃபோர்க்குகளைத் தாங்கும் ராடுகள் மேலும் ஈரத்துணி போடுவதுபோல் போட்டுவைத்தேன். காலையும் மாலையும் துணியை நனைப்பது மட்டும்தான் வேலை. பதினொரு நாள் அப்படியே விட்டேன்.

பிறகு பித்தளைக் கம்பியை ராடின் முனையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டத் தொடங்கினேன், இந்தப் பக்கம் நாலு தட்டு, அந்தப் பக்கம் நாலு தட்டு. அந்த அதிர்வில் துரு பொடிந்து, அந்த இடுக்கில் எண்ணெய் இறங்கும். ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்புப் பெட்டி விரிசல் விடும், அதற்கு எளிய மருந்து கிடையாது. மூன்றாம் நாள் மாலை ராடின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பளிச்சென்று ஒரு எஃகுக் கோடு தெரிந்தது. நகர்ந்துவிட்டது! அந்த இடத்தில்தான் ஆசையை அடக்க வேண்டும். மேலும் தள்ளாமல், வந்த அளவு திருப்பித் தள்ளி, வெளியே வந்த செங்குழம்பைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி. ராடுகள் ஓடிய பிறகு ஷாஃப்டில் நகரும் கியர்களையும், கடைசியாகச் சக்கரத்தை விரற்கடை அளவு முன்னும் பின்னும் அசைத்து மொத்தப் பெட்டியையும் விடுவித்தோம்.

டீசல் ஊறிய பெட்டியின் பக்கத்தில் கேஸ் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். துருவோடு பேரிங்கையும் அது தின்றுவிடும்.

ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது, இதைப் பலரும் சொல்வதில்லை. இந்த வண்டியில் கியர் பெட்டி, பின்னச்சு, கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். துருப்பொடி கலந்த எண்ணெயை ஹைட்ராலிக் பம்ப் உறிஞ்சினால் பம்ப் கெட்டுவிடும். அந்தப் பம்ப், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டில் இயங்குவது. ஆகவே கழுவி முடிக்கும்வரை பி.டி.ஓ. கம்பியை நிறுத்தத்திலேயே வைத்திருங்கள். டீசலால் இரண்டு முறை அலசி, அடியில் காந்தம் விட்டுத் துழாவி எடுத்த பிறகு புது எண்ணெய் ஊற்றுங்கள். மெதுவாக ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். எங்களுக்கு இரண்டாம் முறை வடித்த எண்ணெயிலும் லேசான சிவப்பு இருந்தது, மூன்றாம் முறையும் மாற்றினேன்.

பாகங்களுக்குப் பயப்பட வேண்டாம். 1956-ல் இங்கிலாந்தில் வந்த ஃபெர்குசன் 35-இன் வழிவந்த வண்டி இது, உதிரிப் பாகக் கடைகளில் இன்றும் கேட்டு வாங்கலாம். நாங்கள் மாற்றியவை அந்த முதல் கியர், குழிவிழுந்து உறுமிய இரண்டு பேரிங், ஆயில் சீல்கள், கேஸ்கெட். கூடவே ரப்பர் உறை. இப்போது வண்டி கொட்டகையில் நின்றாலும் அந்த உறையின் மேல் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறேன்.