பத்து வயதுப் புத்தகமும் நாற்பது வயது வாசகரும்

கேள்வி: எனக்கு 43 வயது. மகளுக்காக வாங்கும் சிறார் நாவல்களை அவளுக்கு முன்னால் நானே படித்து முடித்துவிடுகிறேன். 'கனமான புத்தகம் படிக்கத் தெம்பில்லாமல் இதில் போய் ஒளிந்துகொள்கிறாய்' என்கிறார், நிறையப் படிக்கும் நண்பர் ஒருவர். நேரத்தை வீணடிக்கிறேனா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வீணடிக்கவில்லை. உங்கள் நண்பர் சிறார் நாவல் ஒன்றைக் கடைசியாக எந்த வயதில் முழுதாகப் படித்தார் என்று கேளுங்கள். பன்னிரண்டு வயதில் படித்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு இப்போது தீர்ப்புச் சொல்கிறார் என்றால், அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்கு எழுதப்படும் நாவல்களை ஆங்கிலப் பதிப்புலகில் 'மிடில் கிரேடு' என்பார்கள். பெரும்பாலும் 30,000 முதல் 50,000 சொற்கள். எழுத்தாளரின் பெயருக்காகவோ, பரிசு வாங்கியது என்பதற்காகவோ அந்த வயது வாசகர் பொறுத்துக்கொண்டு படிக்க மாட்டார். அலுத்தால் மூடிவிடுவார். அதனால் நல்ல எழுத்தாளர் ஒவ்வொரு பக்கத்துக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். சாவு, பிரிவு, வறுமை, அநீதி எதையும் விடாமல், சுற்றிவளைக்காமல் எழுத வேண்டும். இதைவிடக் கனமான வேலை என்ன இருக்கிறது?

ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். ஈ.பி. ஒயிட் 1952இல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்'. வில்பர் என்ற பன்றியைச் சார்லட் என்ற சிலந்தி, வலையில் சொற்களைப் பின்னிக் காப்பாற்றுகிற கதை. கோடரியோடு அப்பா எங்கே போகிறார் என்று சிறுமி ஃபெர்ன் அம்மாவிடம் கேட்பதுதான் முதல் வரி. காலைச் சாப்பாட்டுக்கு மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருக்கும் நேரம். நோஞ்சானாகப் பிறந்த குட்டியை வெட்டத்தான் அப்பா போகிறார். வீடும் விடியலும் சாவும் ஒரு கேள்விக்குள் வந்துவிட்டன. இத்தனைக்கும் ஒயிட்டின் முதல் பிரதியில் ஃபெர்னே கிடையாது. எழுதி முடித்து, ஒதுக்கிவைத்து, மறுபடி எழுதியபோதுதான் அவள் உள்ளே வந்தாள்.

பெரியவர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் 14ஆம் அத்தியாயம். மகள் எந்நேரமும் தொழுவத்தில் உட்கார்ந்திருக்கிறாள், மிருகங்கள் பேசுகின்றன என்கிறாள் என்று பயந்துபோன அம்மா, டாக்டர் டோரியனிடம் போகிறார். வலையில் எழுத்து வந்தது இருக்கட்டும், வலையே ஓர் அதிசயம்தானே என்கிறார் டாக்டர். மிருகங்கள் பேசி அவர் கேட்டதில்லை; ஆனால் பேசியும் தாம் கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்கிறார். பிறகு, ஃபெர்னுக்குப் பையன்கள் யாரையாவது தெரியுமா என்று விசாரிக்கிறார். ஹென்றி என்று ஒருவனைச் சொன்னதும் அம்மாவின் முகம் தெளிகிறது. பத்து வயதில் இந்த அத்தியாயத்தை வேகமாகத் தாண்டிவிடுவோம். சிலந்திக்கு என்ன ஆச்சு என்பதுதான் அவசரம். பிள்ளை பெற்றவர் படிக்கும்போது அடுத்து வரப்போவது தெரிந்துவிடுகிறது. சந்தைத் திடலில் வில்பருக்குப் பரிசு கொடுக்கும் நேரத்தில், ஃபெர்ன் ராட்டினத்தில் ஏற ஹென்றியைத் தேடி ஓடுகிறாள். குழந்தை வாசகரின் கண் பன்றிமேல் இருக்கும். உங்கள் கண் ஓடுகிற ஃபெர்ன்மேல் இருக்கும். அதற்காக ஒயிட் ஒரு வரிகூடப் புலம்பவில்லை. அந்த அடக்கத்தை ரசிக்க வயதாக வேண்டும்.

21ஆம் அத்தியாயத்தின் முடிவில், ஆளில்லாத திடலில் துணையின்றிச் சார்லட் சாகிறது. பின்னாளில் ஒயிட் இந்த நாவலைத் தம் குரலிலேயே ஒலிப்பதிவு செய்தார். இந்தப் பகுதியைக் குரல் உடையாமல் படிக்க அவருக்கு 17 முறை பிடித்தது என்று பதிவுசெய்தவர் சொல்லியிருக்கிறார்.

'படித்தேன், ஒன்றும் இல்லையே' என்று சொல்பவர்களிடம் இரண்டு தவறுகளைப் பார்க்கலாம். முதலாவது வேகம். நடை எளிது என்பதால் ஒரே மாலையில் விழுங்கிவிடுகிறார்கள். இந்த நாவலில் 22 அத்தியாயங்கள். ராத்திரிக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு நாள் வரும். அத்தியாயம் முடிகிற இடத்தில் எழுத்தாளர் ஏன் நிறுத்தினார் என்று யோசிக்க அவகாசம் கிடைக்கும். உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். கார்த் வில்லியம்ஸ் வரைந்த படங்களையும் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டாவது தவறு இன்னும் மோசம்: சுருக்கப் பதிப்பு. பக்கத்தைக் குறைக்கிறவர் முதலில் கை வைப்பது டாக்டர் டோரியன் மாதிரி அத்தியாயங்களில்தான், அவை கதையை நகர்த்துவதில்லை என்பதால். உங்களுக்கென்று இருந்த பங்கு அதோடு போய்விடும். மூலப் பதிப்பு 184 பக்கம். கையில் இருப்பது 60 பக்கம் என்றால் வைத்துவிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு வாங்கும்போதும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்து, 'சுருக்கம்', 'தழுவல்' என்று போட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

நீதி சொல்வதற்காகவே எழுதப்பட்ட புத்தகங்களும் கடையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை நண்பர் திட்டினால் நானும் சேர்ந்து திட்டுவேன். கண்டுபிடிப்பது சுலபம். நடுப்பக்கம் ஒன்றைப் பிரியுங்கள். தாத்தாவோ ஆசிரியரோ பத்து வரிக்கு விளக்கம் சொல்ல, பிள்ளைகள் 'ஆமாம் ஐயா' என்று தலையாட்டினால் வாங்க வேண்டாம். பிள்ளைகள் தாங்களே ஏதோ முடிவெடுத்துத் திண்டாடிக்கொண்டிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

எங்கிருந்து தேடுவது என்றால், சிறார் நூல்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கப்படும் நியூபெரி விருதின் பட்டியல் 1922 முதல் இருக்கிறது. நம்மூரில் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய புரஸ்கார் 2010 முதல் தமிழுக்கும் கிடைத்துவருகிறது. 2020இல் அதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', சிறுமி ஒருத்திக்கு நேரும் பாலியல் தொல்லையைப் பேசுகிற நாவல். அதை நண்பர் கையில் கொடுங்கள். படித்த பிறகும் 'தெம்பில்லாதவர்கள் படிப்பது' என்று அவர் சொல்கிறாரா பார்ப்போம்.

மகள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். அவளுக்கு முந்திப் படிப்பதில் தப்பில்லை, முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் முடித்ததும் 'என்ன கற்றுக்கொண்டாய்?' என்று கேட்டால் அடுத்த புத்தகத்தை உங்கள் கண்ணில் காட்டாமல் படிப்பாள். எந்த இடத்தில் கோபம் வந்தது என்று கேளுங்கள். உங்களுக்கு எங்கே வந்தது என்பதையும் சொல்லுங்கள்.