ஆடி மாதத்தில் கொலுசுப் பட்டறை: கேள்வி பதில்

முகூர்த்தம் இல்லாத ஆடியில் என்ன செய்வது என்று சேலம் வெள்ளித் தொழிலாளர்கள் கேட்ட கேள்விகளும், முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் நான் சொன்ன பதில்களும்.

கேள்வி (சிவதாபுரம்): அண்ணா, ஆர்டர் பாதியாகிவிட்டது. நான்கு பையன்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கோட்டை மாரியம்மன் திருவிழா முடியும்வரை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் தம்பி. ஆடியில் போன பையன் ஆவணியில் வேறு வேலையில் இருப்பான். கூலியைக் குறைத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி நெருக்கடியில் எந்த வேலை திரும்பத் திரும்பக் கெட்டது என்று அவர்களையே கேளுங்கள். அதைத்தான் இப்போது எடுக்க வேண்டும்.

என் பட்டறையில் அது கம்பி. இழுக்க இழுக்க வெள்ளி விறைத்துக்கொள்ளும். நெருப்பில் காட்டி இளக்காவிட்டால் அறுந்துவிடும். பையன்கள் வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் சூட்டின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. ஓர் ஆடியில் அந்த வேலையை இருட்டு மூலைக்கு மாற்றினேன். ட்யூப்லைட்டை அணைத்து, கம்பிச் சுருளைச் செங்கல்மேல் வைத்து, தீயை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக் காட்டச் சொன்னேன். வெள்ளை மெல்ல மங்கும். பிறகு சுருளின் ஓரத்தில் லேசான சிவப்பு தெரியும். அந்த நொடியில் தீயை எடுத்துவிட வேண்டும். அப்போது சூடு ஏறத்தாழ 600 டிகிரி. சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும்; செம்பு கலந்தது அதற்கு முன்பே உருகத் தொடங்கும். ஒரு வாரம் கழிவுக் கம்பியில் பழகினார்கள். அந்த ஆவணியில் கம்பி அறுந்ததாக யாரும் என்னிடம் வந்து நிற்கவில்லை.

கேள்வி (மணியனூர்): வேலை இல்லாத நேரத்தில் கொலுசு செய்து அடுக்கி வைக்கலாமா?

பதில்: கைப்பணமாக இருந்தால், ஓடும் டிசைனில் கொஞ்சம் செய்யலாம். கடன் வாங்கி வெள்ளி எடுக்காதீர்கள். விலை இறங்கினால் நட்டம் உங்களுடையது; ஏறினாலும் டிசைன் பழசாகியிருந்தால் வியாபாரி உருக்கும் விலைக்குத்தான் கேட்பார்.

கேள்வி (அம்மாபேட்டை): ஓய்வில், கொலுசுத் துண்டுகளை ஒட்டப் பற்றவைக்கும் பொடியைப் புதிதாகக் கலந்து பார்க்கிறேன். காட்மியம் சேர்த்தால் நன்றாக ஓடுகிறதே?

பதில்: ஓடும், உயிரையும் எடுக்கும். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல்போல வரும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வெள்ளி, செம்பு, துத்தநாகம் சேர்ந்த பொடியே போதும். அதையும் ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டுப் பற்றவையுங்கள்.

கேள்வி (ஏற்காடு): காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். பழம் பறிக்கும் காலம்வரை வேலை குறைவு. என்ன செய்யலாம்?

பதில்: எனக்குக் காபி தெரியாது. காபி வாரிய அலுவலரைக் கேளுங்கள்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): ஆடியில் வட்டிக்கு வாங்கி ஸ்டாக் செய்யலாமா?

பதில்: மணியனூர்க்காரருக்குச் சொன்னதேதான். வேண்டாம்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): ஆடியில், வெள்ளித் தூள் விழுந்த பட்டறை மண்ணை அரிக்கக் கொடுக்கிறோம். அதில் வரும் வெள்ளி முதலாளிக்குத்தானே?

பதில்: வேலைக்குக் கொடுத்த வெள்ளி திரும்பும்போது எடை குறைந்தால் யார் ஈடு கட்டுகிறாரோ அவருக்கு. பெரும்பாலும் அது முதலாளிதான்.

கேள்வி (பனங்காடு): ஐயா, நான் வீட்டில் சலங்கை பற்றவைக்கிறேன். எடை குறைந்தால் என் கூலியில் பிடிக்கிறார்கள். என் வீட்டுத் தரையைக் கூட்டிய மண்ணையும் கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. குறைந்த வெள்ளிக்கு உங்கள் கூலியில் பணம் பிடித்தாகிவிட்டது. அந்த மண்ணில் கிடப்பது நீங்கள் விலை கொடுத்த வெள்ளி. ஜன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள். தரும் பொடியில் காட்மியம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, மீண்டும்): இப்படிச் சொன்னால் வேண்டுமென்றே தூளைத் தரையில் தட்டிவிடுவார்கள்.

பதில்: அந்தச் சந்தேகம் இருந்தால் சேதாரத்தை முன்பே பேசிச் சீட்டில் எழுதுங்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அவர் கண்ணெதிரே, முத்திரை போட்ட ஒரே தராசில் நிறுங்கள். பேசிய சேதாரத்துக்குள் இருந்தால் கூலியில் கைவைக்காதீர்கள். அப்போது மண்ணைக் கேளுங்கள், தருவார். கூலியையும் பிடித்து மண்ணையும் வாங்குவது ஒரே வெள்ளிக்கு இரண்டு முறை பணம் வாங்குவது. முகூர்த்த மாதத்தில் இதைப் பேச யாருக்கும் நேரம் இருக்காது. இந்த ஆடியிலேயே உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி (பனங்காடு, வேறொருவர்): அவர் சீட்டே தருவதில்லை.

பதில்: நீங்கள் ஒரு நோட்டில் தேதியும் எடையும் எழுதி, ஒவ்வொரு முறையும் கையெழுத்துக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் தெருவில் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி (சிவதாபுரம், வேறொருவர்): ஸ்டாக் வேண்டாம் என்கிறீர்கள். நான் ஏற்கெனவே செய்துவிட்டேன், அது கறுக்கிறது.

பதில்: ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறீர்களா? கழற்றுங்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பருத்தி நூலில் கட்டி, காற்றுப் புகாத பையில் ஜோடி ஜோடியாகப் போட்டு வையுங்கள்.