11 வயதிலும் நனையும் படுக்கை: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்புப் படிக்கிறான். வாரத்தில் நான்கைந்து இரவுகள் படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறான். சிறுவயதிலிருந்தே இப்படித்தான்; பகலில் இந்தத் தொல்லை இல்லை. மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீர் கொடுப்பதில்லை. நள்ளிரவில் எழுப்பி அழைத்துச் சென்றாலும் விடியற்காலையில் நனைத்துவிடுகிறான். வேண்டுமென்றே செய்கிறான் என்று அவன் தந்தை கோபப்படுகிறார். சூடு போட்டால் நின்றுவிடும் என்கிறார் மாமியார். பள்ளிச் சுற்றுலாவுக்கு வரமாட்டேன் என்று பிள்ளை அழுகிறான். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்.

பதில்: சூடு போடும் பேச்சை இனி உங்கள் வீட்டில் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெறும் மிரட்டலுக்காகக்கூட அது வேண்டாம். இது உறக்கத்தில், அவனுக்குத் தெரியாமலே நடப்பது. 5 வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கும், 10 வயதில் ஏறத்தாழ ஐந்து பேருக்கும் இது இருக்கிறது. ஆகவே உங்கள் மகனுடைய வகுப்பிலேயே, வெளியில் சொல்லாமல் இதே கவலையோடு இன்னொரு பிள்ளை இருக்கக்கூடும். பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு மிகுதி. கோபப்படும் தந்தையின் சிறுவயது எப்படி இருந்தது என்பதை உங்கள் மாமியாரிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சூடு போடும் யோசனை அதோடு நின்றுவிடலாம்.

இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்க மூளையிலிருந்து வாசோபிரெசின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது இரவில் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை வயதுக்கேற்ற அளவைத் தாங்குவதில்லை. இவர்களில் பெரும்பாலோருக்குப் பை நிறைந்த உணர்வு உறக்கத்தைக் கலைப்பதுமில்லை. உங்கள் மகனுக்கு எது குறை என்பதை ஓரளவு வீட்டிலேயே அறியலாம். வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் பை தாங்கவேண்டிய அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். 11 வயதுக்கு அது 360. விடுமுறை நாட்களில், நன்றாக முட்டிக்கொண்டு வரும்போது அளவு குறித்த பழைய பிளாஸ்டிக் குவளையில் பிடித்து அளந்து, இரண்டு நாள் கணக்கைக் குறித்து வையுங்கள். அதிகபட்சமே 150 அல்லது 200 மில்லிதான் வருகிறதென்றால் பையின் கொள்ளளவே சிக்கல் எனக் கொள்ளலாம். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஆறு மணிக்குமேல் தண்ணீரை நிறுத்துவதைவிடப் பகலில் அவன் எவ்வளவு குடிக்கிறான் என்று பார்ப்பதே முக்கியம். பள்ளியிலிருந்து வந்ததும் அவனுடைய வாட்டர் பாட்டிலைத் திறந்து பாருங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்தது பெரும்பாலும் அப்படியே இருக்கும். பள்ளிக் கழிவறைக்குப் போக அஞ்சியே பல பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது நான் அன்றாடம் கேட்கும் கதை. அந்தத் தாகத்தையெல்லாம் மாலையில் வீட்டுக்கு வந்து தீர்த்துக்கொள்கிறார்கள். நாள் முழுவதற்கும் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கட்டும். அதில் பெரும்பங்கு மாலை ஐந்து மணிக்குள் முடியட்டும். படுப்பதற்கு முந்தைய ஓரிரு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். மாலையில் காபி, தேநீர், கோலா பானங்கள் வேண்டாம். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குச் செல்ல அனுமதி கேட்டு வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். மற்ற பிள்ளைகள் காதில் விழ வேண்டாம்.

மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். மலக்குடல் சிறுநீர்ப்பையை ஒட்டியே இருப்பதால், அங்கே இறுகித் தங்கும் மலம் பையை அழுத்தி அதன் இடத்தைக் குறுக்கிவிடுகிறது. மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே படுக்கை காய்ந்துவிட்ட பிள்ளைகள் உண்டு.

நள்ளிரவில் எழுப்பி அழைத்துச் செல்வதால் துணி காயுமே தவிர, அரைத்தூக்கத்தில் நடந்து போய் வரும் பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. கைவைத்தியமாக எள்ளுருண்டை கொடுப்பதும் அப்படித்தான். கெடுதல் இல்லை, தீர்வும் இல்லை. நனைந்த இரவுகளுக்குத் தண்டனை கூடாது. காய்ந்த இரவுகளுக்குப் பரிசும் வேண்டாம், ஏனெனில் அது அவன் கையில் இல்லை. படுக்குமுன் கழிவறைக்குப் போனதற்கும், காலையில் விரிப்பை எடுத்துப் போட உதவியதற்கும் பாராட்டலாம். ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்து, குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வாயைத் திறந்து குறட்டை விடுகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள். மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையின் வீக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். சுற்றுலாவுக்கான வழியை அடுத்த பதிலில் காணலாம்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. நீங்கள் சொல்லும் பழக்கங்களையெல்லாம் மூன்று மாதமாகக் கடைப்பிடித்தும் முழுப் பலன் இல்லை. அலாரம் கருவி வாங்கலாம் என்கிறார் ஒருவர். மாத்திரை போதும் என்கிறார் இன்னொருவர். எது நல்லது?
— ஒரு தந்தை, கோயம்புத்தூர்.

பதில்: பொறுமையும் இடவசதியும் இருந்தால் அலாரம்தான். அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதி 1938இல் வெளியிட்ட முறை இது. இன்றுவரை இதைவிட நிலைத்த பலன் தரும் சிகிச்சை வரவில்லை. உள்ளாடையில் பொருத்திய உணரியில் ஈரம் பட்டவுடன் மணி அடிக்கும். முதல் சில வாரங்கள் மணியோசைக்கு வீடே விழித்துக்கொள்ளும், பிள்ளை மட்டும் தூங்கும். நீங்கள்தான் எழுந்து அவளை முழுமையாக எழுப்பி, மணியை அவள் கையாலேயே நிறுத்தச் செய்து, கழிவறைக்கு அனுப்ப வேண்டும். நனைந்த வட்டம் சிறிதாவதும், மணி அடிக்கும் நேரம் விடியலை நோக்கித் தள்ளிப் போவதும் முன்னேற்றத்தின் அடையாளங்கள். தொடர்ந்து 14 இரவுகள் காய்ந்தால் நிறுத்தலாம். மீண்டும் வந்தால் மறுபடி தொடங்கலாம். இதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் பிடிக்கும். மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குப் பலன் கிடைக்கிறது. எல்லோரும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் இது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

டெஸ்மோபிரெசின் மாத்திரை மேலே சொன்ன ஹார்மோனின் வேலையைச் செய்கிறது. கொடுக்கும் இரவில் பலன் உண்டு. நிறுத்தினால் பல பிள்ளைகளுக்குத் திரும்பிவிடும். ஆகவே சுற்றுலா, திருமண வீடு போன்ற இரவுகளுக்கு இது ஏற்றது. தஞ்சை வாசகியும் மருத்துவரின் ஆலோசனையோடு சில வாரங்களுக்கு முன்பே கொடுத்துப் பார்த்து, பலனை உறுதி செய்துகொள்ளலாம். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை ஓரிரு மிடறுக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். காய்ச்சலோ வாந்தி பேதியோ உள்ள நாட்களில் மாத்திரை வேண்டாம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக நனைக்காத என் 8 வயது மகள் இரண்டு வாரமாக மீண்டும் படுக்கையை நனைக்கிறாள். ஓயாமல் தண்ணீர் கேட்கிறாள், மெலிந்தும் விட்டாள். பள்ளி மாறிய ஏக்கமாக இருக்குமா?
— வாசகி, மதுரை.

பதில்: ஏக்கம் என்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கம் அச்சாகும்வரை காக்க வேண்டாம் என்று தங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். இதே அறிகுறிகளைக் காணும் மற்றப் பெற்றோருக்காக இங்கும் சொல்கிறேன். ஆறு மாதமோ அதற்கு மேலோ நின்றிருந்து திரும்பவும் தொடங்குவது வேறு வகை. கூடவே தாகமும் மெலிவும் இருந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது முதல் வகை (டைப் 1) நீரிழிவு நோய். அன்றைக்கே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்று மறுநாள் காலைவரை தள்ளிப்போட வேண்டியதில்லை. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அசாதாரணத் தூக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும், இரவென்று பாராமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு எடுத்துச் செல்லுங்கள்.