மகளை பி.டி.எஸ். படிப்பில் சேர்க்கலாமா?

செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: “பல்வலிக்கு இருபது கிலோமீட்டர் போகிறோம். இவ்வளவு தட்டுப்பாடு இருப்பதால் பி.டி.எஸ். முடித்தால் வேலை உறுதி என்கிறார் ஒரு தரகர். பல் மருத்துவர்கள் பெருகிவிட்டார்கள் என்கிறார்கள் உறவினர்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கலாமா?”

தட்டுப்பாடும் உண்மை, பெருக்கமும் உண்மை. வேலை உறுதி என்பதுதான் பொய். நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 25,000-க்கும் அதிகமான இடங்கள் உள்ளன. கட்டடத்தையும் ஆசிரியர்களையும் சிகிச்சை நாற்காலிகளையும் எண்ணிப் பார்த்து அனுமதி கொடுத்தார்களே தவிர, எந்த வட்டாரத்தில் எத்தனை வாய்கள் சிகிச்சைக்குக் காத்திருக்கின்றன என்று எண்ணவில்லை. அரசுப் பணியிடமோ வேறு கணக்கில் வருகிறது: சமவெளியில் சுமார் 1,20,000 பேருக்கு ஒன்றாக அமையும் சமுதாய சுகாதார நிலையத்துக்கு ஒரு பல் மருத்துவர் என்பதே தேசிய வரையறை. மற்றவர்கள் சொந்தமாக கிளினிக் வைக்கவேண்டும். உங்கள் ஊரில் வலி நிறைய இருந்தாலும் வேர் சிகிச்சைக்குப் பணம் எடுத்துவைப்பவர் குறைவு என்பதால் பல் மருத்துவர்கள் நகரத்துக்கே போகிறார்கள். மக்கள்தொகையை மருத்துவர் எண்ணிக்கையால் வகுத்துவிட்டு விகிதம் சரியாக இருக்கிறது என்று கோப்பை மூடுபவர்களுக்கு இது எப்போது விளங்குமோ! ஆகவே ஐந்தாண்டுச் செலவோடு, கிளினிக் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கும் பணமும் உங்களிடம் இருந்தால் மட்டும் சேருங்கள்.

தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். “முதலாண்டு பி.டி.எஸ்., அடுத்த ஆண்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாற்றித் தருகிறோம்” என்பார்கள், அப்படி ஒரு வழியே கிடையாது, மறுபடியும் நீட் எழுதித்தான் ஆகவேண்டும். தமிழ்நாட்டில் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் அரசுத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. ‘இடம் பிடித்து வைக்க’ என்று அசல் சான்றிதழ்களைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். திரும்ப வாங்க அலைந்தவர்களை நான் அறிவேன்.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் பி.டி.எஸ். இடமும் அடங்கும், தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. எட்டாம் வகுப்புவரை கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு மாறியவருக்கும் உரிமை உண்டு. எனவே முதலில் பள்ளிச் சான்றிதழ்களை எடுத்து, ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி என்று சரிபாருங்கள்.